ஷூவைக் கழற்றச் சொன்னவளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பாவின் பாதங்களுக்குச் சூடு உறைக்காது என்பது உனக்கு முன்பே தெரியுமா? இந்தக் கேள்வியை நாலைந்து நாளாக மனத்துக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தெரியும் என்கிறார் அவர். தெரிந்திருந்தால் நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்டாய் என்று ஒரு நேரம் தோன்றுகிறது, தெரிந்தும் அந்த நேரத்தில் மறந்திருப்பாய் என்று இன்னொரு நேரம் தோன்றுகிறது. எது உண்மை என்று என்னால் சொல்ல முடியவில்லை. போனில் கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் நீ கூப்பிடும்போதெல்லாம் போன் அவர் கையில்தான் இருக்கிறது, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார், என் முறை வரும்போது சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதற்கு மேல் எதுவும் மிஞ்சுவதில்லை. அதனால் அவர் மத்தியானம் படுத்திருக்கும் நேரத்தில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன், போன வாரம் அனுப்பிய படத்தில் முகம் தெளிவாகத்தான் இருந்தது, முடியை வெட்டியிருக்கிறாய், பரவாயில்லை. இங்கே அனைவரும் நலம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. நான் நலம். அவர் நலமில்லை. இது கோபத்தில் எழுதும் கடிதம், அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பாதியில் வந்து நீ திகைக்க வேண்டாம்.

மற்றச் செய்திகளை முதலில் முடித்துவிடுகிறேன், பிறகு அவற்றுக்கு இடம் இருக்காது. குளியலறைக் குழாய் ஒழுகி ஒழுகிக் கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கிவிட்டது, கீழ்வீட்டுக்காரர் மாடிக்கு வந்து ரொம்ப மரியாதையாகச் சண்டை போட்டுவிட்டுப் போனார், குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு இந்த வேலையை யார் செய்தது என்று கேட்டார், உலகத்தில் எந்தக் குழாய்க்காரரும் முதலில் கேட்பது அதைத்தான். என் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் மேலதிகாரி மாறிவிட்டார். புதியவருக்கு உன்னைவிட நாலு வயது கூட இருந்தால் அதிகம், விபத்துக் கோரிக்கைகளைக் கொஞ்சம் சீக்கிரம் முடிங்க மேடம் என்கிறார், சீக்கிரம் முடிப்பதென்றால் வருவதையெல்லாம் நம்பிவிட வேண்டும், எனக்குச் சம்பளம் கொடுப்பதே நம்பாமல் இருப்பதற்குத்தான் என்று அவரிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். உன் அத்தை தெருக்கோடியிலிருந்து தினமும் சாயங்காலம் வருகிறார். தம்பியைப் பார்க்க வருவதாகப் பெயர், ஆனால் பேச்செல்லாம் என்னிடம்தான். "ஊர்ல இருக்கிறவன் எலும்பையெல்லாம் இவன் பார்க்கிறான், இவன் பாதத்தை நீ ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருக்கக் கூடாதாம்மா" என்று நேற்றுக் கேட்டார். பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

உன் சுவருக்கு வருகிறேன். உங்கள் நிறுவனம் ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தின் வரவேற்பறைக்கு உள்அலங்காரம் செய்கிறது, ஒரு முழுச் சுவருக்கும் ஒரே படமாக மணல்மேடும் பின்னால் மலையும் வேண்டும் என்று கேட்கிறார்கள், காசு கொடுத்தால் ஆயிரம் படம் கிடைக்கும், இருந்தாலும் அப்பா எடுத்துத் தரட்டும் என்று நீ நினைத்தாய். நல்ல எண்ணம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. அவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எடுத்த படமெல்லாம் ஒரு மருத்துவர் அரை நிமிஷம் பார்த்துவிட்டு உறைக்குள் போட்டவை. யாரோ ஒருவருடைய இடுப்பு, யாரோ ஒருவருடைய நெஞ்சுக்கூடு. அதில் ஒன்றையும் யாரும் சுவரில் மாட்டியதில்லை, மாட்டவும் மாட்டார்கள். நீ போனை வைத்ததும் அவர் எழுந்து போய் நம் கூடத்துச் சுவரைக் கையை விரித்து விரித்து அளந்தார், உன் சுவர் இதைப்போல மூன்று மடங்கு என்று கணக்கு வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து எக்ஸ்ரே அறையிலும் அதே பேச்சுதான். அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் பெண் எனக்கே போன் பண்ணி, "ஆன்ட்டி, சார் பேஷன்ட்கிட்ட மூச்சைப் பிடிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டு விடச் சொல்ல மறந்துடறாரு, மலைக்கு எந்தப் பக்கம் நின்னா நிழல் நல்லா விழும்னு என்கிட்ட கேட்டுட்டு இருக்காரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் சந்தோஷமாக இருந்தால் வீட்டில் ரேடியோ சத்தம் குறையும், எனக்கும் அது நல்லதுதான்.

போன மாதம் போனோம். நான் போனது மணலைப் பார்க்க இல்லை, அவர் மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரா என்று பார்க்க. ஜீப் ஓட்டியவர் வீட்டுக்குள் வந்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர், அதனால் உன் அப்பா அவருக்குக் கண்ணாடிக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார், அவரும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். வெகுதூரம் ஒரே பொட்டல். பிறகு திடீரென்று மலை. வீட்டைக் கூட்டி அள்ளாமல் மூலையில் ஒதுக்கிவிட்டு முறத்தை எடுக்கப் போனவள் திரும்பி வராமலே போனால் எப்படி இருக்கும், அப்படி மலையின் காலடியில் மணல் குவிந்து கிடந்தது. அழகு இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பார்க்க விடுகிறார்களா என்ன. வண்டிகள் நிற்கும் இடத்தில் சறுக்குப் பலகை வாடகைக்கு விடுகிறார்கள், தகரக் கொட்டகையில் தேநீர், மேட்டின்மேல் எங்கே பார்த்தாலும் ஆள். ஒரு கணவன் தன் மனைவியைப் படம் எடுக்கும்போது பின்னால் நின்ற குடும்பத்தை, "கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க சார், பாலைவனம் மாதிரியே தெரியலை" என்று விரட்டினான். அந்தக் குடும்பத் தலைவர், "நாங்களும் பாலைவனத்தைப் பார்க்கத்தான் தம்பி வந்திருக்கோம், உன் பொண்டாட்டியைப் பார்க்க இல்லை" என்றார். அத்தனை பேருக்கும் யாருமே இல்லாத பாலைவனம் வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் உன் அப்பா, இங்கே வேலைக்கு ஆகாது என்று வலப்பக்கமாக, ஆளே போகாத மேடுகளுக்குத் தனியாகப் போனார். வெயில் உச்சியிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தது. சாயங்கால வெளிச்சத்துக்கு முன்னால் இடம் பார்த்து வைக்க வேண்டுமாம். ஷூ போட்டிருந்தார், நான் பார்த்தேன், பார்த்த பிறகுதான் விட்டேன். கொட்டகை நிழலில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

மேட்டின் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாகப் பிரிந்த நேரத்திலும் அவர் திரும்பவில்லை. போன் அடித்தேன், வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னது. அந்த யாரோ நீதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. கண்ணாடிக்காரரிடம் சொன்னால், "வந்துடுவாருக்கா, போட்டோ எடுக்கறவங்களுக்கு நேரங்காலம் கிடையாது, ஒருத்தர் பொண்டாட்டியை இங்கேயே விட்டுட்டுப் பாதி வழி போயிட்டாரு, அந்தம்மாதான் போன் பண்ணி ஞாபகப்படுத்தினாங்க" என்று சொல்லித் தேநீரை ஊதிக் குடித்தார். நானே ஏறினேன். மணலில் ஏறுவதென்றால் ஒரு அடி வைத்தால் முக்கால் அடி கீழே இழுக்கும். அவருடைய ஷூ தடம் பளிச்சென்று இருந்தது, அடியில் வட்ட வட்டமாக அச்சு, மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கியது, அந்த இடத்தில் வேறு ஒருவரும் அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை. முகடு வரைக்கும் அந்தத் தடத்தின் மேலேயே போனேன். முகட்டில் தடம் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. இறங்கிய தடம் இல்லை, திரும்பி வந்த தடம் இல்லை, பக்கவாட்டில் போனதும் இல்லை. முன்னால் மலை வரைக்கும் இஸ்திரி போட்டதுபோல மணல். ஒரு ஆள் அதுவரை நடந்து வந்திருக்கிறார், பிறகு இல்லை. காணாமல் போனவர்களைப் பற்றி அலுவலகத்தில் எவ்வளவோ படித்திருக்கிறேன், எல்லாவற்றிலும் ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும், ஒரு செருப்பு, ஒரு பை, பார்த்ததாகச் சொல்லும் ஒரு ஆள். இங்கே ஒன்றுமே இல்லை. கத்தினேன். நான் கத்தி நீ கேட்டதே இல்லை, எனக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

அவர் அடுத்த முகட்டுக்கு அந்தப் பக்கம், நிழலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் துண்டு, மடியில் கேமரா. "ஏன் இந்தக் கத்துக் கத்தறே, நான் எங்க ஓடிடப் போறேன்" என்றார். தடமே இல்லாமல் இங்கே எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். முகமெல்லாம் பெருமை. பின்பக்கமாக நடந்துகொண்டே துண்டால் தடத்தைத் தடவித் தடவி அழித்துக்கொண்டு வந்தாராம். "படத்துல ஒரு பொட்டுத் தடம் இருக்காது பாரு" என்றார். உனக்குத் தெரியும், எக்ஸ்ரே எடுக்கும்போது சங்கிலி, ஊக்கு, பாக்கெட்டில் மறந்துபோன சாவி என்று எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார், படத்துக்குள் வேண்டாதது ஒன்று வந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அன்று அவருக்கு வேண்டாததாகத் தெரிந்தது அவருடைய தடம்தான். ஆபத்து என்று வந்தால் தேடி வருகிறவர்கள் எதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று அந்தப் படித்த மண்டைக்குள் ஏறவே இல்லை. அங்கேயே சண்டை போட்டேன். ஷூவுக்குள் மணல் புகுந்துவிட்டது, அதை உதறி மறுபடி போட்டுக்கொள்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். இறங்கும்போது சாதாரணமாகத்தான் நடந்தார். வலித்தால்தானே நொண்டுவதற்கு.

திரும்பி வந்த மூன்றாம் நாள் அவர் தன் சாக்ஸைத் தானே துவைத்துக் கொடியில் போட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து குளியலறைக் கதவின் பின்னால் எறிந்த சாக்ஸ் தானாக நடந்து அலமாரிக்குப் போய்விடும் என்று நம்பி வாழ்ந்த மனிதர். மறுநாளும் துவைத்தார். நான் பேசாமல் கொடிக்குப் போய்ப் பார்த்தேன், குதிகாலிலும் விரல் பக்கத்திலும் மஞ்சளாகக் கறை, சோப்புக்குப் போகவில்லை. காலைக் காட்டுங்கள் என்றேன். ஒன்றும் இல்லை என்றார். காட்டுங்கள் என்று மறுபடி சொன்னேன். உள்ளங்கால் இரண்டிலும் தோல் கொப்பளித்து உடைந்து, வலது காலில் சுண்டுவிரலுக்குக் கீழே சதை தெரிந்தது. எப்படி ஆயிற்று என்றால், வெந்நீர் கொட்டிவிட்டது என்றார். மருத்துவமனையில் கட்டுப் போடும் நர்ஸிடமும் அதையே சொல்லியிருக்கிறார். வெந்நீர் மேலேயிருந்து கீழே கொட்டும், உள்ளங்காலில் மட்டும் கொட்ட வேண்டுமானால் நீங்கள் தலைகீழாக நின்று குளித்திருக்க வேண்டும் என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கதையை மாற்றி, ஷூ புதிது, கடித்துவிட்டது என்றார். அந்த ஷூ ஒரு வருஷம் பழையது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான், ஒன்று சறுக்கினால் உடனே இன்னொன்றை எடுப்பார்கள், ஒன்றையே பிடித்துக்கொண்டு நிற்கத் தெரியாது.

மருத்துவரிடம் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அவர் ஒரு பென்சில் முனையால் பாதத்தில் அங்கங்கே குத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றார், மருத்துவர் குத்தாமல் சும்மா கேட்டபோதும் தெரிகிறது என்றார். சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருக்கிறது, வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக்கூடாது என்று இதே மருத்துவர் போன வருஷமே சொன்னார், நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். இப்போது அவர் சொன்னது, காலை ஊன்றவே கூடாது, மருந்து தருகிறேன், புண் எலும்பைத் தொட்டுவிட்டதா என்று உடனே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், தொட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரும். உடனே என்றார். உன் அப்பா வேலை செய்வது அதே கட்டடத்தில், இரண்டு கதவு தள்ளி. இன்றுவரை எடுக்கவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், மெஷின் சர்வீஸுக்குப் போயிருக்கிறது, அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் பெண்ணுக்கு இன்னும் கை திருந்தவில்லை, எல்லாம் சொல்லியாயிற்று. ஊரில் யாருக்காவது கை பிசகினால் எக்ஸ்ரே எடுக்காமல் விடாதே என்று போன் பண்ணித் திட்டுகிறவர் இவர்.

நாலைந்து நாளைக்கு முன்பு உன் செய்தி வந்தது. அதை அவரே என்னிடம் வந்து சொன்னார், நல்ல செய்தி கொண்டுவந்ததுபோல. "பாப்பாவுக்குப் படம் ரொம்பப் பிடிச்சிருக்காம், ஒண்ணே ஒண்ணுதான் தப்பாம், கீழ இடது மூலையில ஒரு குதிகால் தடம் தப்பிச்சு வந்துடுச்சாம், இன்னொரு தடவை எடுக்க முடியுமான்னு கேக்கறா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷூ தடம் என்று அவர் சொல்லவில்லை, குதிகால் தடம் என்றார். வெறுங்காலோடா நடந்தீர்கள் என்று கேட்டேன். ஏதோ என் கேள்விதான் அபத்தம் என்பதுபோல, "பின்ன என்ன, ஷூவோட அழிச்சா சரியாவே அழியலை, பாப்பாதான் வீடியோவுல பார்த்துட்டு, அப்பா டயர் போன மாதிரி இருக்கு, ஷூவைக் கழட்டிட்டு நடங்கன்னு சொன்னா, அவ சொன்னது சரிதான், வெறுங்கால் தடம் லேசா இருக்கும், ஒரு தடவுல போயிடும்" என்றார். அவளுக்கு உங்கள் காலைப் பற்றித் தெரியுமா என்று கேட்டேன். "தெரியாம என்ன, போன வருஷமே சொல்லிட்டேன்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அதனால் பொய் என்று தோன்றியது. ஆனால் அவர் எதையுமே முகத்தைப் பார்த்துச் சொல்கிறவர் இல்லை, அதனால் உண்மையாகவும் இருக்கலாம்.

தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். அப்போதும் என் கோபம் குறையவில்லை. நடுப்பகல் வெயிலில் காய்ந்த மணல். வீடியோவில் உனக்கு வெளிச்சம் தெரிகிறது, நிழல் தெரிகிறது, தடம் டயர் மாதிரி இருப்பது தெரிகிறது, அந்த மணல் சுடும் என்பது மட்டும் தெரியவில்லையா. சர்க்கரை இல்லாத மனிதனையே யாரும் அந்த மணலில் வெறுங்காலோடு நட என்று சொல்ல மாட்டார்கள். ஐயோ சுடுகிறது என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே, அது உனக்கு விநோதமாகப் படவில்லையா. படத்தைப் பார்த்தாய், படம் எடுத்த ஆளைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் கேட்கிறேன். உன் வேலையே படத்தில் இருக்கும் ஒயரை, குழாயை, குப்பைத் தொட்டியை ஒரு தட்டுத் தட்டி இல்லாமல் ஆக்குவதுதானே, எனக்கே ஒரு தடவை செய்து காட்டியிருக்கிறாய், என் தலைக்குப் பின்னால் இருந்த மின்கம்பத்தை எடுத்துவிட்டு எவ்வளவு சுலபம் பார் அம்மா என்றாய். ஒரு குதிகால் தடத்தை எடுக்க உன்னால் முடியாதா. இதை உன் அப்பாவிடம் கேட்டதற்கு, "அப்படி எடுத்தா அது நான் எடுத்த படம் இல்லை, அவ செஞ்ச படம், அவளுக்கே அது தெரியும், அதான் என்னைக் கேக்கறா" என்றார். நீங்கள் இரண்டு பேரும் உங்கள் நேர்மையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளுங்கள், அந்த நேர்மைக்காகப் பாதத்தைக் கொடுப்பது அவர் ஒருவர்தான். சின்ன வயதிலிருந்தே நீங்கள் இருவரும் ஒரு கட்சி, நான் எதிர்க்கட்சி, இத்தனை வருஷம் அதை ஒரு குறையாக நான் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் கட்சியில் யாராவது ஒருவராவது வேண்டாம் என்று சொல்கிறவராக இருந்திருக்கலாம்.

அவர் மறுபடி போகப் போகிறார். அதனால்தான் இந்த அவசரம். புண் கொஞ்சம் காய்ந்ததும் போகிறேன் என்று என்னிடம் சொல்கிறார், இந்தத் தடவை ஷூவோடுதான் என்று சத்தியம் செய்யாத குறை, எக்ஸ்ரே எடுத்தால் மருத்துவர் படுக்க வைத்துவிடுவார் என்று பயந்து அதைத் தள்ளிப் போடுகிறார் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னால் கேட்க மாட்டார். நான் சொல்வதெல்லாம் அவருக்கு வீட்டில் ஓடும் மின்விசிறிச் சத்தம் மாதிரி, இருப்பதும் தெரியாது, நின்றால்தான் தெரியும். நீ சொன்னால் கேட்பார். அதனால் நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். அப்பா, எனக்குப் படம் வேண்டாம் என்று சொல். முதலில் எடுத்த படமே போதும் என்று சமாதானம் சொல்லாதே, அப்போதும் இன்னும் நல்லதாக எடுத்துத் தருகிறேன் என்று கிளம்புவார். சுவருக்கு வேறு படம் போட்டுவிட்டார்கள் என்று சொல். மனம் உடைந்துபோவார், தெரியும். உடையட்டும். மனம் உடைந்த மனிதரோடு குடும்பம் நடத்த எனக்குத் தெரியும், எழுந்து நடக்க முடியாத மனிதருக்கு அவர் கேட்கும்போதெல்லாம் சமாதானம் சொல்ல எனக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது அழாதே, அழுதால் அவர் உன்னைத் தேற்றுவதற்காகவே ஜீப்பை வரச் சொல்லிவிடுவார்.

இவ்வளவு திட்டிவிட்டேன் என்பதற்காகச் சாப்பிடாமல் இருக்காதே. நீ எங்கே இருந்தாலும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், செய்கிற வேலையில் நல்ல பேரோடு, நன்றாக இருக்க வேண்டும், கோபத்தில் இருக்கும்போதும் நான் வேண்டிக்கொள்வது அதைத்தான். ஒன்றை மட்டும் மறக்காதே, இது நம் குடும்பத்து வியாதி, உனக்கும் வரலாம், இந்த மாதத்துக்குள் ரத்தம் கொடுத்துச் சர்க்கரை பார்த்துவிட்டு எவ்வளவு என்று எனக்கு எழுது. அவருக்கு அல்ல, எனக்கு.

உன்மேல் கோபமாகவும் உன் நினைவாகவும் இருக்கும்,
அம்மா

மறுநாள் எழுதுவது. நேற்று இதை அனுப்பவில்லை. கோபத்தில் எழுதியதை ஒரு நாள் கிடக்கவிட்டுப் படித்துப் பார்த்த பிறகு அனுப்புவது என் அலுவலகப் பழக்கம். படித்துப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கண்ணாடிக்காரரின் ஜீப். எனக்குத் தெரியாமல் இன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார். படுக்கையறைக்குப் போனேன். பேண்ட் சட்டை போட்டு, கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து வலது ஷூவோடு போராடிக்கொண்டிருந்தார். கட்டுப் போட்ட கால் உள்ளே போகவில்லை. லேஸை முழுக்க உருவினார், ஷூவின் நாக்கை வெளியே இழுத்துவிட்டார், கட்டைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்த்தார், பாதம் அப்படி வீங்கியிருந்தது. நான் கதவில் சாய்ந்து நின்றேன். கண்ணாடிக்காரர் மாடிக்கே வந்துவிட்டார், "அண்ணே, இப்பக் கிளம்பினாதான் சரியா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதத்தைப் பார்த்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உன் அப்பா ஷூவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கு விடுங்க" என்றார்.

அவரிடம் வேலை கற்றுக்கொள்ளும் அந்தப் பெண்தான் எக்ஸ்ரே எடுத்தாள். எடுத்துவிட்டு, டாக்டர் வந்து சொல்லுவாங்க சார் என்றாள், வருகிறவர்கள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இவர்தான். "டாக்டர் என்ன சொல்றது, திருப்பு" என்று திரையைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். பார்த்தார். என்னைக் கூப்பிட்டு விரலால் காட்டி, "இந்த எலும்பு ஓரம் சீரா இருக்கணும், அரிச்சிருக்கு பாரு, சுண்டுவிரல் போயிடும்" என்று வேறு யாருடைய காலையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பெண் வெளியே போய்விட்டாள். அப்போதுதான் நான் கேட்டேன், மகளுக்குத் தெரியும் என்றீர்களே. "தெரியாது. நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தா படம் எடுக்க என்னை அனுப்புவாளா" என்றார். மேலே நான் எழுதியதில் பாதி அவருக்குச் சேர வேண்டியது. மீதி உனக்குத்தான், அது அப்படியே இருக்கட்டும்.

மருத்துவர் உடனே சேர்த்துக்கொண்டார். நாளை மறுநாள் காலை விரலை எடுக்கிறார்கள், அதோடு நிற்கும் என்றுதான் அவர் நினைக்கிறார், நிச்சயமாகச் சொல்லவில்லை. கண்ணாடிக்காரர் சாயங்காலம் வரைக்கும் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார், அத்தைக்குப் போன் பண்ணி வரவழைத்ததும் அவர்தான். வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது உன் அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். ஏதோ சொல்லப் போகிறார் என்று குனிந்தேன். "படம் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்னு பாப்பாகிட்ட சொல்லிடு" என்றார். சொல்லிவிட்டேன்.